கொடும்பாவிக்கு நான் அழுத அழுகை

ஊர் மந்தையில், வேப்பமரத்து நிழலில், பச்சைத் தென்னங்கீற்றில் முடைந்த ஒரு பாடை. அதன்மேல் வைக்கோல் திணித்த பொம்பளை ஒருத்தி மல்லாந்து படுத்திருந்தாள். தலைக்குப் பதிலாகக் கவிழ்த்த மண்சட்டி, சட்டி தெரியாமல் இழுத்துவிட்ட முக்காடு. சுற்றிலும் ராசிங்காபுரத்துப் பெண்கள் கூந்தலை அவிழ்த்து முகத்தில் போட்டுக்கொண்டு, மாரில் அடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஆத்தாவை ஒட்டிக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும். வெள்ளைக்காரர்களின் இரண்டாவது பெரிய சண்டை ஓய்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து ஊரே அழுதது. பின்னாளில் பட்டணத்தில் நான் அழுது சம்பாதித்த பேரும் வீடும் காரும் அந்த மந்தையில்தான் தொடங்கின. ஆனால் அது எந்த ரகத்து அழுகை என்று இதுவரை நான் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. திறந்திருந்தால் பட முதலாளிகள் என்னை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இப்போது படமும் இல்லை, முதலாளிகளிலும் பாதிப்பேர் இல்லை. சொன்னால் என்ன?

மழைக்கு ஒரு பிணம்

கொடும்பாவி கட்டுவதைப் பார்த்திராத பட்டணத்துப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மழை பொய்த்துப்போனால், ஊரில் எங்கோ ஒரு கொடும் பாவி இருக்கிறாள், அவளால்தான் வானம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது என்று எங்கள் பக்கத்தில் முடிவு கட்டுவார்கள். நிஜப் பாவிகளைத் தேடிப் பிடிப்பதென்றால் ஊரில் ஆள் மிஞ்சாது. அதனால் வைக்கோலில் ஒருத்தியைச் செய்து, அவளைச் செத்ததாக வைத்து, ஒப்பாரி பாடி, தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போய் ஊர் எல்லையில் எரித்துவிடுவார்கள். பாவி ஒழிந்தாள் என்று வானம் நம்பி இறங்கிவரும்.

"பாவி ஏன் ஆத்தா எப்பவும் பொம்பளையாவே இருக்கா?" என்று நான் கேட்டேன்.

"ஆம்பளப் பாவி செய்யணும்னா வைக்கல் பத்தாதுடி" என்றாள் ஆத்தா. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. என் ஆத்தா வேடிக்கை பேசும்போதும் எமன் வீட்டுக்குப் போகிறவள் மாதிரிதான் முகத்தை வைத்துக்கொள்வாள்.

கொடும்பாவிக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. ஒப்பாரியைத் தொடங்கிவிட்டால் எரிக்கிறவரை நிறுத்தக் கூடாது. அழுகிற கூட்டத்தில் யாரும் சிரிக்கவே கூடாது. சிரித்தால் வருகிற மேகமும் வந்த வழியே திரும்பிவிடுமாம். அப்படிச் சிரித்துத் தொலைத்த வீட்டுக்கு மழை பெய்கிற வரையில் கிணற்றில் முறைத் தண்ணீர் கிடையாது.

அந்தக் கடைசிக் கட்டுப்பாடுதான் எங்கள் வீட்டைப் பயமுறுத்தியது. எங்களுக்கும் அய்யாவின் அண்ணன், அதாவது என் பெரியப்பா வீட்டுக்கும் ஒரே கிணறு. ஒருநாள் அவர்கள் மாடு பூட்டிக் கமலை இறைப்பார்கள், மறுநாள் நாங்கள். அந்தக் கோடையில் கிணற்றில் தண்ணீரைவிடச் சேறு அதிகம். அந்தத் தண்ணீரை வைத்துத்தான் எங்கள் கேப்பைப் பயிர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கேப்பை போனால் மலைதான். அய்யா ஏலத்தோட்டத்துக் கங்காணியிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்.

இங்கே என் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய பஞ்சத்தில் அவன் தனியாக மலைக்கு வேலைக்குப் போனான். ஏலச்செடி நிழலில் வளரும். அந்த நிழலிலும் ஈரத்திலும் அட்டையும் கொசுவும் சேர்ந்து வளரும். மலைக்காய்ச்சலில் அவன் போய்விட்டான் என்று செய்தி மட்டும் கீழே வந்தது. அங்கேயே புதைத்துவிட்டார்களாம். ஆத்தா செய்தியைக் கேட்டுவிட்டு, அடுப்பில் இருந்த களியைக் கிண்டி இறக்கினாள். அதற்குப் பிறகு வெகுநாள் அவள் மேற்கே திரும்பி மலையைப் பார்த்து நான் கண்டதில்லை. கங்காணி பேச்சை அய்யா எடுத்த அன்று மட்டும், "இந்தப் புள்ளைய அந்த மலை மேல ஏத்தணும்னா, மொதல்ல என்னைய இந்தக் கெணத்துல தள்ளிட்டு ஏறும்" என்றாள்.

ஆக, அந்த வைக்கோல் பிணத்துக்கு மற்றவர்கள் மழைக்காக அழுதார்கள். ஆத்தா எனக்காக அழுதாள்.

கிளிப்பச்சைச் சேலை

கொடும்பாவிக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது கொடுக்க வேண்டும். ஒருவர் வைக்கோல், ஒருவர் கயிறு, ஒருவர் சட்டி. என் பெரியம்மா சேலை கொடுத்தாள். அதுவும் எந்தச் சேலை? பெரியப்பா போடியில் வாங்கி வந்த கிளிப்பச்சைச் சேலை. அரக்குக் கரை போட்ட அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் கோவிலுக்கு வந்தால் சாமியைவிட அவளைத்தான் ஊர் பார்க்கும். அப்படி ஒரு நிறம் அக்கம்பக்கத்து ஊர்களில் வேறு எவளிடமும் கிடையாது. நைந்துபோயிருந்தாலும் அதைக் கொடுத்ததில் அவளுக்கு அத்தனை பெருமை.

"பாவியா இருந்தாலும் பவுசா போகட்டும்" என்றாள்.

பெரியம்மா உடம்பு கொஞ்சம் தாராளம். பொம்மை கட்டிய இளவட்டங்கள் யாரை மனதில் வைத்துக்கொண்டு வைக்கோல் திணித்தார்களோ, அந்தக் கொடும்பாவியும் தாராளமாகவே அமைந்துவிட்டாள். சேலையைச் சுற்றி முக்காடும் போட்டதும் பார்த்தவர்கள் எல்லாம் ஒரு நிமிஷம் திடுக்கிட்டார்கள். வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

பெரியப்பா அப்போது ஊரில் இல்லை. அவர் பொதிமாடு வைத்திருந்தார். கீழேயிருந்து அரிசியும் உப்பும் ஏற்றிக்கொண்டு மலைமேல் போடிமெட்டுக்குப் போவார், திரும்பும்போது ஏலக்காய்ப் பொதி இறக்குவார். போனால் வர நாளாகும். ஊரில் கொடும்பாவி கட்டுகிற சங்கதி அவர் காதுக்கு எட்டவே இல்லை. போதாக்குறைக்கு அவருக்குக் கண்பார்வை மட்டம். பத்தடி தள்ளி நின்றால் மாடா மனுஷனா என்று குரலை வைத்துத்தான் சொல்வார்.

ஒப்பாரி சூடு பிடித்த நேரம். மேற்கு வழியாகக் கழுத்துமணிச் சத்தம் கேட்டது. எங்கள் மந்தை முழுக்க ஏலக்காய் வாசம் வந்தது. வாசத்தின் பின்னாலேயே பெரியப்பா வந்தார்.

மாடுகளும் நின்றன

அவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பாடை. பாடையில் அந்தக் கிளிப்பச்சை. அதற்குள் அந்த உருவம். தலைமாட்டில் தம்பி பெண்டாட்டியின், அதாவது என் ஆத்தாவின், ஒப்பாரிக் குரல். மற்ற பெண்கள் எல்லாரும் கூந்தலை முகத்தில் போட்டுக் குனிந்திருந்தார்கள், பெரியம்மா உள்பட. எது யார் என்று நல்ல கண்ணுக்கே தெரியாது.

பெரியப்பா கையிலிருந்த கயிறு நழுவியது, மாடுகளும் நின்றன. ஓடி வந்தவர், பாடையின் மேல் அப்படியே விழுந்தார்.

"அடி ராசாத்தி! சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியேடி! இனிமே என்னைய யாருடி வைவா?"

ஒப்பாரியை நிறுத்தக் கூடாதே! பெண்கள் பாடிக்கொண்டே ஒருவரையொருவர் முடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் ஓரமாக நின்று வானத்தைப் பார்த்தார்கள். அவரைத் தூக்கிவிட ஒருவர் வாயைத் திறந்தாலும் பேச்சோடு சிரிப்பும் வந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

என் ஆத்தாதான் சமாளித்தாள். ஒப்பாரி ராகத்தை விடாமலே, மாரில் அடித்துக்கொண்டே, அவருக்குச் சங்கதியைச் சொன்னாள்.

"வைக்கப்போருக்கு அழுகுறீகளே, பெரிய மச்சானே... அது வெறுஞ்சட்டி மச்சானே..."

பெரியப்பாவுக்கு அது ஏறவில்லை. துக்கத்தில் தம்பி பெண்டாட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். அவர் தன் பாட்டுக்கு அழுதார்.

"உன் கொழம்பு வாயில வைக்க வெளங்கலன்னு சொன்னேனே ராசாத்தி! அது மெய்தேன்! ஆனா இனிமே அந்தக் கொழம்புக்கும் ஆளில்லையேடி! உன் ஆத்தா செத்தன்னிக்கு நான் அழுதேனே, அது சும்மாடி! ஊருக்காக அழுதேன்டி! இதுதேன்டி மெய்யான அழுகை!"

எனக்கு எதிரே குனிந்திருந்த ஒரு தலை மெள்ள நிமிர்ந்தது. முகம் முழுக்கத் தலைமுடி. முடிக்குள்ளே இரண்டு கண்கள். பெரியம்மாவுக்கும் கட்டுப்பாடு தெரியும், ஒப்பாரியை நிறுத்தினால் ஊர்க் குற்றம். ஆகவே அவளும் அதே ராகத்தில், அதே இழுவையில், மாரில் அடித்தபடியே எழுந்து நின்று கேட்டாள்.

"எங்காத்தா செத்ததுக்கு... சும்மாவா அழுத... அட, சண்டாளா..."

பெரியப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். பாடையில் ஒரு பெண்டாட்டி, முன்னால் தலைவிரி கோலமாக இன்னொரு பெண்டாட்டி. "ஆத்தாடி!" என்று ஒரு கத்தல். வந்த வழியே மேற்கே பார்த்து ஓடினார். எசமான் ஓடுவதைப் பார்த்த பொதிமாடுகளும் ஏலக்காய் மூட்டையோடு அவர் பின்னாலேயே ஓடின. மணிச்சத்தம் பொட்டிபுரத்துப் பாதை வரைக்கும் கேட்டது.

கண்ணீர் வந்த வழி

அந்த நேரத்தில் நான் இருந்த இருப்பை எப்படிச் சொல்வது? வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு ஏறி வருகிறது. சிரித்தால் முறைத் தண்ணீர் போச்சு. தண்ணீர் போனால் கேப்பை போச்சு, கேப்பை போனால் மலை. பாவாடையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன். மூச்சு முட்டியது. தோள் குலுங்கியது. தொண்டையில் கேவல் கேவலாக ஒரு சத்தம் வந்தது. அடைத்துவைத்த சிரிப்பு வேறு வழி இல்லாமல் கண் வழியாக வெளியே வந்து, கன்னத்தில் தாரை தாரையாக ஓடியது.

ஊர்ப் பெரியதனம் என்னைப் பார்த்துவிட்டார். எங்கள் ஊரில் வழக்கு வம்பு தீர்க்கிற பெரிய மனுஷரைப் பெரியதனம் என்போம்.

"இங்க பாருங்கப்பா, பச்சப்புள்ள எப்புடிக் குமுறுதுன்னு. வைக்கலுக்கே இப்புடி அழுகுதே!" என்றார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். அவரைப் பார்த்து அவர் பெண்டாட்டி அழுதாள், அவளைப் பார்த்து அடுத்தவள். கொஞ்ச நேரத்தில் மந்தை முழுக்க நிஜக் கண்ணீர். கருகும் பயிரை நினைத்தவர்கள் பயிருக்கு அழுதார்கள், செத்த மாட்டை நினைத்தவர்கள் மாட்டுக்கு அழுதார்கள். அந்த மாதிரி ஒரு கொடும்பாவி அந்த வட்டாரத்தில் நடந்ததே இல்லை என்று வயசாளிகள் பேசிக்கொண்டார்கள்.

என் தொழில் ரகசியம் இதுதான். நான் திரையில் அழுத அழுகை ஒவ்வொன்றும் அடக்கிய சிரிப்பு.

ஸ்டூடியோவில் மற்ற நடிகைகளுக்குக் கிளிசரின் பாட்டில் வரும். எனக்கு வேண்டாம் என்பேன். "அம்மா அப்படியே பாத்திரத்தில் கரைந்துவிடுகிறார்" என்று டைரக்டர்கள் மற்றவர்களுக்குப் பாடம் நடத்துவார்கள். நான் எங்கே கரைந்தேன்? எதிரே கதாநாயகன் தொந்தியை எக்கிப் பிடித்துக்கொண்டு கல்லூரி மாணவனாக நிற்பார். "தாயே!" என்று காலில் விழுவார். விழுகிற வேகத்தில் டோப்பா முன்னால் நழுவும். அவர் ஒரு கையால் என் காலையும் ஒரு கையால் தலையையும் பிடித்துக்கொள்வார். இதற்கு மேல் எனக்கு எதற்குக் கிளிசரின்? முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன். தோள் தானாகக் குலுங்கும். லைட்பாய் முதல் முதலாளி வரை மூக்கைச் சிந்துவார்கள்.

அப்படி நான் அழுது தீர்த்த ஒரு படம் போடி டூரிங் கொட்டகைக்கு வந்தது. ஆத்தாவைக் கூட்டிப்போய் நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் மகனைப் பறிகொடுத்துக் கதறும் கட்டத்தில் கொட்டகையே விம்முகிறது. ஆத்தா மட்டும் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்திருக்கிறாள். பக்கத்தில் இருந்தவள், "பெத்தவ மனச பாருங்கடி, பொய்யின்னு தெரிஞ்சும் தாங்கலையே" என்று சொல்லி ஆத்தாவுக்கு விசிறிவிட்டாளாம்.

ஆத்தாவுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதற்குத்தான் வருகிறேன்.

வழக்கு

கொடும்பாவியை எரித்த பிறகு மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஊரே தெருவுக்கு வந்து நின்றது. மேகம் போடிமெட்டு வரைக்கும் வந்தது, எங்களை ஒரு தரம் எட்டிப் பார்த்தது, பிறகு மலைக்கு அந்தப்புறம் திருவிதாங்கூர்ப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டுப் போயிற்று. எங்களுக்கு மண்வாசனைகூட வரவில்லை.

பெரியம்மா பெரியதனத்திடம் போனாள்.

அவளுக்கு இரண்டு வயிற்றெரிச்சல். தெருவில் அவள் போனால் சின்னப்பிள்ளைகள் "ராசாத்தி, இனிமே யாருடி வைவா" என்று ராகம் போட்டார்கள். இன்னொன்று தண்ணீர். எங்கள் முறை போனால் கிணறு முழுக்க அவர்களுக்கு. அவள் பயிரும் கருகிக்கொண்டுதான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"அழுகுற கூட்டத்துல இந்தப் புள்ள சிரிச்சா. அதுனாலதேன் வந்த மழை திரும்பிப் போச்சு. நான் கண்ணால பாத்தேன்" என்றாள்.

மந்தையில் அதே வேப்பமரத்தடியில் கூட்டம் கூடியது. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால் சுவரோரம். என்னை நடுவில் நிறுத்தினார்கள். அய்யா துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

பெரியதனம் விசாரித்தார். "நீயும் தலமுடிய மூஞ்சில போட்டுத்தானே கெடந்த? எப்புடித்தா பாத்த?"

"மசுருக்குள்ள கண்ணு இல்லையாக்கும்?" என்றாள் பெரியம்மா.

பெரியப்பாவைக் கேட்டார்கள். ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. "எனக்கு என்னப்பா தெரியும்? நாந்தேன் அப்ப ஓடிக்கிட்டு இருந்தேனே" என்றார்.

"நான் பாத்தப்ப அது அழுகைதேன்" என்றார் பெரியதனம். "ஆனாலும் ஊருன்னு வந்துட்டா எல்லாருக்கும் தெளியணும்ல? ஏத்தா, அன்னைக்கு அழுத மாதிரி இப்ப ஒரு தடவ அழுது காட்டு. மெய்யா அழுகுறவளுக்கு எப்பவும் வரும். சிரிச்சிருந்தீன்னா இப்பக் குட்டு வெளிப்பட்டுரும்."

ஊர் முழுக்க என் முகத்தையே பார்த்தது. எனக்கு அழுகை வரவில்லை. அழுகைக்குச் சிரிப்பு வேண்டுமே, அந்தப் பயத்தில் சிரிப்பு எங்கிருந்து வரும்? பெரியப்பா பாடையில் விழுந்ததை நினைத்துப் பார்த்தேன். மாடுகள் ஓடியதை நினைத்துப் பார்த்தேன். எல்லாம் யாருக்கோ நடந்தது மாதிரி இருந்தது. எங்கள் வயலும் கங்காணியும் மலையும்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"பாத்தீகளா? வரல!" என்றாள் பெரியம்மா.

"கொஞ்சம் பொறு" என்றார் பெரியதனம். அவர் குரலிலும் நம்பிக்கை குறைந்திருந்தது.

நான் திரும்பி ஆத்தாவைத் தேடினேன். பெண்கள் கூட்டத்தில் பின்வரிசையில், சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். எல்லார் கண்ணும் என் மேல் இருந்ததால் அவளைப் பார்க்க ஆள் இல்லை. ஆத்தா என் கண்ணை நேராகப் பார்த்தாள். கொண்டையை அவிழ்த்தாள். முடியை முகத்தின் மேல் சரியவிட்டாள். குனிந்தாள். பிறகு மெள்ள, மிக மெள்ள, பெரியம்மா அன்றைக்கு நிமிர்ந்த மாதிரியே தலையை நிமிர்த்தினாள். முடிக்குள்ளே இரண்டு கண்கள். உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது. "சும்மாவா அழுத, அட, சண்டாளா..."

எமன் வீட்டுக்குப் போகிற அந்த முகத்தோடு!

எனக்கு வயிற்றில் சிரிப்பு வெடித்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குலுங்கிய குலுங்கலில் வளையல் ஒன்று உடைந்தது. கண்ணீர் புழுதியில் விழுந்து சொட்டுச் சொட்டாகக் குழி போட்டது. நான் நிமிர்ந்து மூச்சு வாங்கிய போதெல்லாம் ஆத்தா மறுபடியும் குனிந்து நிமிர்ந்தாள். எனக்கு வாய்த்த டைரக்டர்களில் அவளைப்போல ஒருவர் வரவில்லை.

"போதும், போதும்! புள்ள செத்துறப் போகுது" என்று பெரியதனம் எழுந்து வந்து என்னைத் தூக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. "இது அழுகை இல்லையின்னா உலகத்துல எதுய்யா அழுகை? இவங்க முறை இவங்களுக்குத்தேன்."

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "மெய்தேன்ப்பா. என் பொண்டாட்டி செத்தன்னைக்கு நான்கூட இம்புட்டு அழுகல" என்றார்.

அவ்வளவுதான். கொடும்பாவி நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஊருக்கு ஒரே சமயத்தில் வந்துவிட்டது. வழக்கு முடிந்ததால் கட்டுப்பாடும் இல்லை. ஆண்கள் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெரியம்மா கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள், பிறகு அவளுக்கும் தாங்கவில்லை, புருஷன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

போடிக்கு ஒரு நாடகக் கம்பெனி வந்து முகாம் போட்டபோது, "ஊரையே அழ வைக்கிற புள்ள ஒண்ணு எங்ககிட்ட இருக்கு" என்று என்னைக் கூட்டிப்போய் நிறுத்தியதும் இதே பெரியதனம்தான். சாகும்வரை அவருக்கு உண்மை தெரியாது.

எங்கள் முறை

வழக்கு முடிந்த அன்றைக்கு எங்கள் முறை நாள். அய்யா மாட்டைப் பூட்டிக் கமலை இறைக்கத் தொடங்கினார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் கேப்பை வயல். மடை திருப்பிப் பாத்திக்குத் தண்ணீர் விடுகிற வேலை ஆத்தாவுடையது. நானும் கூடப் போனேன்.

தண்ணீர் இன்னும் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. ஆத்தா வாய்க்கால் கரையில் உட்கார்ந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இப்பச் சிரிச்சுக்கடி. யாரும் இல்ல" என்றாள்.

நான் சிரித்தேன். கரையில் உருண்டு புரண்டு சிரித்தேன். "முடிய அவுத்துவிட்டுக் குனிஞ்சியே ஆத்தா, அத இன்னொருக்க செய்யி" என்று கெஞ்சினேன். செய்தாள். செய்துவிட்டு அவளும் சிரித்தாள். என் ஆத்தா பல்லைக் காட்டிச் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அடக்க மாட்டாமல், விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் அவள் தோள் குலுங்கியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தொண்டையிலிருந்து கேவல் கேவலாகச் சத்தம் வந்தது. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். என்னை அப்படியே செய்து காட்டுகிறாள் என்று நினைத்துவிட்டேன். எனக்கு ஒரே குஷி.

"ஆத்தா, நீ என்னையவிட நல்லா அழுகுற!" என்று சொல்லிக் கைதட்டினேன்.

ஆத்தா நிறுத்தவில்லை. முகத்தைத் திருப்பி மேற்கே பார்த்தாள். முந்தானைக்குள்ளிருந்து அண்ணன் பேர் கேட்டது. ஒரு தரம் இல்லை, திரும்பத் திரும்ப. "உன்னைய ஒத்தையில விட்டுட்டேனேப்பு" என்றாள்.

தட்டிய கை அப்படியே நின்றது. பக்கத்தில் போவதா, விலகி நிற்பதா என்று எனக்குத் தெரியவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு வீணாக்கினாலும் அவள் கோபிப்பாள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், அவள் செய்கிற மாதிரியே மண்ணை வெட்டிப் போட்டு, முதல் பாத்திக்கு மடையைத் திருப்பிவிட்டேன்.